ஊரடங்குக் காலமும் கிராம விவசாயமும்

கொள்ளைநோயினால் நேர்ந்த துன்பத்தை, நோய் நீங்கிய சில வருஷங்களுக்குள் மறந்துவிடுவது ஜனங்களின் சுபாவம். 1918-ம் வருஷத்தில் பரவிய இன்புளுயன்ஸா ஜுரம் இத்தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவ்வருஷத்தில் மழையும் பொய்த்தமையால் தானிய விலை ஏறி, நோய்க்குத் தப்பியவர்களும் பசியால் வருந்தினார்கள். அப்படியிருந்தும், அக்காலத்தில் தங்கள் ஊரில் நடந்தது இன்னதென்று சொல்லக்கூடியவர்களை இன்று கிராமங்களில் காண்பது அரிது. அந்த அனுபவத்தினின்று கிராமங்கள் கற்றுக்கொண்டது என்னவென்று கேட்டால் விடை கிடைப்பது அதனினும் அரிது. 2020, 2021-ம் வருஷங்களில் கொரோனா நோயை முன்னிட்டு விதிக்கப்பட்ட ஊரடங்கும் அதே கதியை அடைவதற்கு முன், அக்காலத்தில் நம் கிராம வாழ்க்கையில் உண்டான மாறுதல்களை ஆராய்ந்து, நிலமுடையவர்களும் கிராமாதிகாரிகளும் அவற்றினின்று எடுத்துக்கொள்ளத்தக்க படிப்பினையை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுவோம். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமுலுக்கு வந்தது. மறுநாள் 25-ந் தேதி முதல் நாடு முழுவதற்கும் 21 நாட்களுக்கு ஊரடங்கு விதிக்கப்பட்டது. பின்னர் அது மே மாதம் 3-ந் தேதி, 17-ந் தேதி, 31-ந் தேதி என்று படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. பம்பாய்ப் பிளேக் நோயின் காலத்தில் ஏற்பட்ட 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டமும், 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இதற்கு ஆதாரமாயின. ரயிலும் பஸ்ஸும் நின்றன. ஆலைகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் மூடப்பட்டன.

விவசாயத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. உழவு, அறுவடை, உரக்கடை, கொள்முதல் நிலையம், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் அறுவடை இயந்திரங்கள் ஆகியவற்றுக்குத் தடையில்லையென்று மார்ச்சு 27-ந் தேதியே மத்திய சர்க்கார் உத்தரவிட்டனர். ஆகவே, வயலில் இறங்கி வேலை செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் அவ்வருஷக் கோடையில் குடியானவர்கள் அடைந்த நஷ்டம் சொற்பமன்று. தடையில்லாத தொழிலில் நஷ்டம் நேர்ந்தது எவ்வாறு? இக்கேள்விக்குச் சரியான விடை காண்போமானால், இனி நாம் செய்ய வேண்டியது எதுவென்பதும் தானே விளங்கும்.

தப்பியவையும் அழிந்தவையும்

ஒரே மாவட்டத்தில், ஒரே மாதத்தில், ஒரே உத்தரவின் கீழ் இருந்த குடியானவர்கள் எல்லோரும் ஒன்றுபோல் நஷ்டமடையவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

நெல் பயிரிட்டவர் பெரும்பாலும் தப்பினார். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை ஊரடங்குக்கு முன்பே அநேகமாக முடிந்துவிட்டது என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணமன்று. வடமாவட்டங்களில் நவரைப் பயிர் ஊரடங்கின் நடுவிலேதான் அறுவடைக்கு வந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறந்திருந்தன. அப்பருவத்திற்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த விலை, சன்ன ரகம் குவிண்டாலுக்கு ரூ. 1,905, பொது ரகம் ரூ. 1,865. ஊரடங்குக்கு முன்பும் பின்பும் அவ்விலை மாறவில்லை. வாங்குபவர் ஒருவர் உண்டு, வைப்பதற்குக் கிட்டங்கி உண்டு, விலை இன்னதென்று முன்னதாகவே தெரியும் என்னும் மூன்றுமே நெல்லைக் காத்தன.

பாலும் அவ்வாறே. தேநீர்க் கடைகளும் ஓட்டல்களும் மூடப்பட்டதால் தனியார் பால் நிறுவனங்கள் பல தங்கள் கொள்முதலைக் குறைத்துக்கொண்டன. கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றியவர்களோ தொடர்ந்து ஊற்றினார்கள். விற்றது போக மிஞ்சிய பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் ஆக்கி வைக்கச் சங்கங்களின் இணையங்களுக்கு வசதி இருந்தது. ஈரோட்டு மஞ்சள் சந்தை வாரக்கணக்கில் மூடியிருந்தும், வேகவைத்து உலர்த்திய மஞ்சள் கெடவில்லை. மஞ்சள் வைத்திருந்தவர் காலத்தை இழந்தார், சரக்கை இழக்கவில்லை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். செங்கற்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் தர்ப்பூசணி முதிர்ந்து நின்ற சமயம் அது. வெயில் காலத்தில் பட்டணத்துத் தெருக்களில் விற்பதற்கென்றே பயிரிடப்படும் பழம். தெருவில் மனித நடமாட்டமே இல்லாதபோது அதை யார் வாங்குவார்? மதுரை, திண்டுக்கல் பக்கங்களில் மல்லிகை பூத்துக் குலுங்கிற்று. ஆனால் கோயில்கள் மூடப்பட்டிருந்தன, கலியாணங்கள் நின்றன, மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் வைபவமே 2020-ம் வருஷத்தில் நடைபெறவில்லை. விடியற்காலையில் பறித்த பூ அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும். பறித்தால் பறிகூலிக்கும் கட்டாது. பறியாமல் விட்டால் செடியிலேயே மலர்ந்து உதிரும். வாழை, தக்காளி, கத்தரி, வெண்டை முதலியவற்றின் கதியும் ஏறக்குறைய இதுவே. கோழியால் கொரோனா பரவுகிறதென்ற பொய் வதந்தியினால், ஊரடங்குக்கு முன்பே நாமக்கல்லில் முட்டை விலையும் கறிக்கோழி விலையும் வீழ்ந்தன. கோழித் தீவனத்தை நம்பியிருந்த மக்காச்சோள விலையும் அதைத் தொடர்ந்து சரிந்தது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. சந்தைக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. குளிர்பதனக் கிட்டங்கிகளை வாடகையின்றி உபயோகிக்க அனுமதி அளிக்கப்பட்டது. நகரங்களில் வண்டிகளில் காய்கறி கொண்டுபோய் விற்க ஏற்பாடு நடந்தது. ஆனால் வயலுக்கும் அந்தக் கிட்டங்கிக்கும் நடுவே இருந்த தூரம் குறையவில்லை. சாலையோரச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருந்தமையால் லாரி ஓட்டுபவர்கள் வெளியே கிளம்பத் தயங்கினார்கள். கிளம்பினாலும் திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ளப் பாரம் கிடையாது. ஆகையால் இரு பக்க வாடகையையும் குடியானவரே கொடுக்க நேர்ந்தது.

2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்திய வருஷத்தைவிட 23.9 சதவீதம் குறைந்ததென்றும், விவசாயம் ஒன்றே 3.4 சதவீதம் வளர்ந்ததென்றும் சர்க்காரின் முதற்கணக்கு கூறிற்று. இதைக் காட்டி, ஊரடங்கினால் விவசாயத்துக்குப் பங்கமில்லை என்று பேசினவர்கள் பலர். அது நாடு முழுவதற்குமான தொகை. அந்தப் பருவத்தில் கோதுமை முதலிய தானியங்கள் நன்கு விளைந்தமை அதில் அடங்கியிருக்கிறது. மல்லிகையைக் குப்பையில் கொட்டினவரின் கணக்கு அந்தத் தொகைக்குள் மறைந்து போயிற்று.

மேற்கூறியவற்றினின்று விளங்குவது ஒன்றே. மண் நம்மைக் கைவிடவில்லை, விளைச்சலும் கைவிடவில்லை. விளைந்த பொருள் வெளியே செல்வதற்கு ஒரே வழிதான் இருந்தது, அவ்வழி அடைபட்டது. இரண்டாவது வழி எவருக்கு இருந்ததோ அவர் பிழைத்தார். கேணியில் ஒற்றைக் கயிற்றில் கவலை இறைப்பவன், கயிறு அறுந்த அன்று நீர் நிறைந்த கேணியருகிலேயே பயிர் வாடக் காண்பான். ஊரடங்குக் காலத்தில் நம் கிராமங்களின் நிலைமை அதுவாகவே இருந்தது.

ஒரே சந்தையை நம்பியதன் பலன்

சென்னைக் கோயம்பேடு சந்தையில் நேர்ந்ததை ஒவ்வொரு காய்கறி விவசாயியும் நினைவில் வைக்க வேண்டும். ஊரடங்கிலும் அச்சந்தை நடந்துகொண்டிருந்தது. பல மாவட்டங்களின் காய்கறி அங்கேயே போய்ச் சேர்ந்தது. கூட்டம் நெருங்கிய அவ்விடத்தில் ஏப்ரல் மாதக் கடைசியில் நோய் பரவிற்று. மே மாதம் 5-ந் தேதி சந்தை மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசையில் திறந்தவெளிக்கு மாற்றப்பட்டு, மழை பெய்தபோது சேற்றில் நடந்தது. கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் மறுபடி தொடங்கியது செப்டம்பர் மாதம் 28-ந் தேதியன்று.

நஷ்டம் இத்துடன் நிற்கவில்லை. அச்சந்தையில் சுமை தூக்கியும் கடைகளில் வேலை செய்தும் பிழைத்தவர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். சந்தை மூடியதும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் வந்தது. அதுவரை நோய் எட்டிப் பாராத பல ஊர்களில் அந்த வாரத்தில்தான் தெருக்கள் அடைக்கப்பட்டன. ஊரில் பிழைப்பு இல்லாமல் சென்றவர்கள் அவர்கள். திரும்பி வந்தது அவர்கள் குற்றமன்று. எனினும் சில ஊர்களில் சொந்த ஜனங்களே அவர்களைக் குற்றவாளிகள் போல் நடத்தியதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. விளைபொருளும் ஆட்களும் ஒரே இடத்தை நம்பியிருந்தால், அவ்விடத்து நன்மை மட்டுமன்றி அவ்விடத்துக் கேடும் நம் வாயிற்படிக்கு வந்து சேரும்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1999-ம் வருஷத்தில் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள், ஊரடங்கின்போது பஸ் நிலையங்களிலும் மைதானங்களிலும் இடைவெளி விட்டு நடத்தப்பட்டன. அருகாமையிலுள்ள நகரில் நேரே விற்கப் பழகியிருந்தவர்கள் அளவில் குறைவாயினும் தொடர்ந்து விற்றார்கள். 2021-ம் வருஷம் மே மாதக் கடைசியில் காய்கறிக் கடைகளையும் மூடி ஊரடங்கு கடுமையாக்கப்பட்டபோது, தோட்டக்கலைத் துறையின் ஏற்பாட்டில் வாகனங்கள் தெருத்தெருவாகச் சென்று காய்கறி விற்றன. முதல் வருஷத்தில் பட்ட அடியினால் இரண்டாம் வருஷத்தில் உண்டான அறிவு அது. அந்த அறிவை நோய் நீங்கியதும் கைவிட வேண்டுமென்பதில்லை.

ஆட்களும் கூலியும்

ஊரடங்கு கிராமத்தின் ஜனத்தொகையையே மாற்றிற்று. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை முதலிய ஊர்களில் வேலை செய்த வாலிபர்கள் வேலையிழந்து வீடு திரும்பினார்கள். அதே சமயத்தில் நம் மாநிலத்தில் உழைத்துவந்த வடமாநிலத் தொழிலாளர்கள், மே மாதம் முதல் தேதியன்று நாட்டில் தொடங்கிய தனி ரயில்களில் தங்கள் ஊர்களுக்குச் சென்றார்கள். அவ்வித ரயில்களில் நாடெங்கும் சுமார் 63 லட்சம் பேர் பிரயாணம் செய்தனர். ரயில் கிடைக்குமுன் நெடுஞ்சாலைகளில் நடந்தே சென்றவர்களை நாமெல்லாம் கண்டோம்.

ஊர் திரும்பிய வாலிபர்களில் பலர் முதல் தடவையாகத் தகப்பனாரின் வயலில் ஒரு முழுப் பருவம் இருந்தார்கள். அவ்வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டது. எட்டு வருஷங்களுக்குப் பிறகு வழக்கமான தேதியில் தண்ணீர் வந்தமையால் குறுவைச் சாகுபடி விரிந்தது. வேலைக்குக் கையும் பாசனத்துக்கு நீரும் ஒன்றுசேர்ந்த அப்பருவத்தைப் பல ஊர்களில் இன்றும் சந்தோஷத்துடன் நினைவுகூர்கிறார்கள். ஆலைகள் திறந்ததும் வாலிபர்களில் பெரும்பாலோர் திரும்பிச் சென்றுவிட்டனர். இது இயற்கையே. ஆனால் அவர்கள் இருந்த சில மாதங்களில், தகப்பனார் விளைவித்ததைக் கைப்பேசியின் மூலம் அருகிலுள்ள நகரத்து வீடுகளுக்கு நேரே விற்க முயன்றவர்களும் உண்டு. மூத்தவர்கள் அம்முயற்சியை விளையாட்டென்று தள்ளாமல், மேலும் நடத்த இடம் கொடுத்திருக்க வேண்டும்.

நிலமுடையவர்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. நூறு நாள் வேலைத் திட்டத்தினால் ஆட்கள் கெட்டுப் போகிறார்கள், நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது பட்டாதார்களிடையே வெகுகாலமாக நிலவும் மனக்குறை. அதில் உண்மை சிறிதும் இல்லையென்று நாம் சொல்லவில்லை. நடவும் அறுவடையும் நெருங்கும் வாரங்களில் அவ்வேலையை ஒழுங்குபடுத்த வேண்டுமென்பது நியாயமான கோரிக்கையே. ஆனால் 2020-ம் வருஷத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் அத்திட்டத்தின் தினக்கூலி ரூ. 229-லிருந்து ரூ. 256 ஆக உயர்த்தப்பட்டது. அரிசிக் குடும்ப அட்டைகளுக்கு ரூ. 1,000 பணமும் விலையில்லா அரிசி, பருப்பு முதலியனவும் கொடுக்கப்பட்டன. நிலமில்லாத குடும்பத்துக்கு அந்தக் கோடையில் வேறு ஆதாரம் எது? வயலில் வேலையில்லாத மாதம்; பட்டணத்து வேலையும் போயிற்று. நியாயவிலைக் கடையும் அந்தக் கூலியும் இல்லாதிருந்தால், ஜூன் மாதத்தில் மேட்டூர் திறந்தபோது நாற்றுப் பறிக்கும் கைகளை எங்கே தேடியிருப்போம்? கூலியாளின் பசி தீர்ந்தது நிலத்துக்குச் செய்த உதவியே. நிலமுடையவருக்கு இரண்டாவது சந்தை எவ்வளவு அவசியமோ, நிலமில்லாதவருக்கு இரண்டாவது கூலி அவ்வளவு அவசியம். ஒன்றை வேண்டி மற்றொன்றைப் பழிப்பது முறையாகாது.

பிள்ளைகளின் இழப்பு

விளைபொருளின் நஷ்டம் அடுத்த பருவத்தில் ஈடாகலாம். பிள்ளைகள் இழந்தது அவ்விதம் ஈடாவதன்று. 2020-ம் வருஷம் மார்ச்சில் மூடிய பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதியன்றே மறுபடி திறக்கப்பட்டன. சுமார் 19 மாதம். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பாடம் நடந்ததென்பது மெய். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதையும் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்றால், பிள்ளைக்குப் பாடம் எங்கே? முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய குழந்தை, மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. 2021-ம் வருஷம் அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அந்தந்த ஊர்ப் பெண்களே மாலை வேளையில் பாடம் சொல்லிக்கொடுத்து இக்குறையை ஓரளவு நீக்கினார்கள்.

இதை விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். பள்ளி மூடியிருந்த மாதங்களில் பருத்தி எடுக்கவும் ஆடு மேய்க்கவும் போன சிறுவர்களும், அவசரமாகக் கலியாணம் செய்து கொடுக்கப்பட்ட சிறுமிகளும் நம் கிராமங்களைச் சேர்ந்தவர்களே. அவர்களை வேலைக்கு அழைத்தவர்களும், அக்கலியாணங்களில் பந்தியில் உட்கார்ந்தவர்களும் நாமே.

ஓர் ஆட்சேபணை

நோய் போய்விட்டது, நூறு வருஷத்துக்கு ஒரு முறை வருவதற்காக இன்று ஏன் சிரமப்பட வேண்டுமென்று சிலர் கூறுவர். வழி அடைபடுவது கொள்ளைநோயால் மட்டும் அன்று. ஊரடங்கு தளர்ந்த அதே 2020-ம் வருஷம் அக்டோபரில், குறுவை நெல் கொள்முதல் நிலைய வாயில்களில் குவிந்து மழையில் நனைந்தது. நெல்லுக்குள்ள பாதுகாப்பும் பூரணமானதன்று என்பதை அது காட்டிற்று. நவம்பர் 25-ந் தேதி இரவு நிவர் புயல் மரக்காணம் அருகே கரை கடந்தது. 2023-ம் வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் சாலையும் ரயிலும் அறுபட்டன. தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டங்கள் மூழ்கின. அந்த ஊர்களுக்கு அந்நாட்கள் ஊரடங்கே அல்லவா?

பூவும் காய்கறியும் நெல்லைவிட அதிக லாபம் தருகின்றன, அவற்றை விடலாமா என்பது மற்றொரு கேள்வி. விடும்படி யாரும் சொல்லவில்லை. ஐந்து ஏக்கர் உடையவர் ஐந்தையும் ஒரே நாளில் அழுகும் பொருளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே சந்தையை நம்ப வேண்டாமென்பதே நமது அபிப்பிராயம்.

பட்டாதார்கள் செய்யத்தக்கவை

முதலாவது, நிலத்தில் ஒரு பங்கையேனும் சேமித்து வைக்கக்கூடிய பயிருக்கு ஒதுக்க வேண்டும். உளுந்து, பயறு, எள், கேழ்வரகு, கம்பு முதலியவை நன்கு உலர்ந்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், மெழுகு பதத்து ஈரத்தில் ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ உளுந்து தெளிப்பது தஞ்சைப் பக்கத்துப் பழைய வழக்கம். ஆடுதுறை 3 என்னும் ரகம் இதற்கென்றே ஏற்பட்டது. 70 முதல் 75 நாட்களில் அறுவடைக்கு வரும். அறுவடை இயந்திரம் ஓடும் நிலங்களில் இளம்பயிர் நசுங்குமாதலால், விதைக்கும் நாளை உள்ளூர் வேளாண் அலுவலரைக் கலந்து தீர்மானித்துக் கொள்க.

இரண்டாவது, உலர்த்துவதில் அசிரத்தை கூடாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாதென்பது விதி. வீட்டில் வைப்பதாயின் 13 சதவீதத்துக்குக் குறைய உலர்த்த வேண்டும். பயறு வகைகளை 10 சதவீதத்துக்குக் குறைய உலர்த்த வேண்டும். மூட்டைகளை மண் தரையிலும் சுவரை ஒட்டியும் அடுக்காமல், மரச்சட்டத்தின் மேல் காற்றோட்டமாக அடுக்குக. களமில்லாத ஊர் மழை வந்தால் கதியற்ற ஊர். ஊராட்சியைக் கேட்டு, முதலில் பொதுக்களம் ஒன்று அமைத்துக்கொள்வது ஒவ்வோர் ஊரின் கடமை.

மூன்றாவது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களை உபயோகிக்கப் பழக வேண்டும். 1933-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் 1936-ல் திருப்பூரில் முதலாவது கூடம் ஏற்பட்ட காலந்தொட்டு இவை இருந்து வருகின்றன. விலை குறைந்த சமயத்தில் சரக்கை அங்குள்ள கிட்டங்கியில் வைத்து, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரையில் கடன் பெற்று, விலை ஏறியபின் விற்கலாம். இவ்வசதியை வியாபாரிகள் அறிந்த அளவுக்கு விவசாயிகள் அறியாதிருப்பது பரிதாபம்.

நான்காவது, பக்கத்து வாரச் சந்தையை அழிய விடலாகாது. நம் ஊரில் விளைந்த கத்தரிக்காய் சென்னைக்குச் சென்று, மறுபடி நம் ஊர்க் கடைக்கே வந்து இரட்டிப்பு விலைக்கு விற்கப்படுவதை ஊரடங்குக்கு முன் யாரும் விசித்திரமாகக் கருதவில்லை. லாரி நின்ற அன்றுதான் அது கண்ணில் பட்டது. எல்லாச் சரக்கையும் உள்ளூரில் விற்க இயலாது. ஆனால் வாரம் ஒரு முறை ஒரு கூடையேனும் உள்ளூரில் விற்பவருக்கு, நெருக்கடி வந்த நாளில் வாங்குபவரின் முகம் தெரிந்திருக்கும்.

கிராமாதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஊரடங்கில் இரவு பகலாக உழைத்ததை ஜனங்கள் அறிவார்கள். அக்காலத்தில் வெளியான ஒரு குறையையும் அவர்கள் அறிவார்கள். ஊரில் யார் இருக்கிறார், யார் வெளியூரில் இருக்கிறார், யாருக்குக் குடும்ப அட்டை இல்லை, யார் பட்டாவில் பெயரின்றிக் குத்தகைக்கு உழுகிறார் என்ற விவரம் பல இடங்களில் தயாராக இல்லை. ஏப்ரல் மாதத்தில் மத்திய சர்க்கார் பி.எம். கிசான் திட்டத்தின் ரூ. 2,000 தவணையை முன்னதாகவே அனுப்பினர். அது நிலமுடைய குடும்பங்களுக்கே போய்ச் சேர்ந்தது. அதே நிலத்தை உழுத குத்தகைதாரருக்கு அதில் ஒன்றுமில்லை. மறுபுறம், அத்திட்டத்தில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் நம் மாநிலத்தில் சேர்க்கப்பட்டிருந்தது அவ்வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெளியாகிப் போலீஸ் விசாரணை வரையில் சென்றது. வயலை நேரில் பாராமல் எழுதப்படும் கணக்கு, உழுதவரை விட்டுவிட்டு உழாதவரைச் சேர்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட ருசு வேண்டுவதில்லை.

ஆகையால் வருஷத்துக்கு ஒரு முறை, அடங்கல் எழுதும் சமயத்திலேயே, மேற்கண்ட நான்கு விவரங்களையும் கொண்ட ஜாபிதா ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொள்வது நலம். குத்தகைதாரர் பெயரை எழுதினால் நிலத்துக்கு ஆபத்து வருமென்று அஞ்சும் பட்டாதார்கள் உண்டு. நிவாரணத்துக்கான ஜாபிதா வேறு, நில உரிமை வேறு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லி அச்சத்தைப் போக்குவது அதிகாரிகளின் கடமை. ஊரடங்கில் பள்ளியை விட்ட பிள்ளைகளில் திரும்பி வராதவர் எவரென்று பள்ளி ஆசிரியரோடு சேர்ந்து விசாரித்தல் இன்றும் காலம் கடந்த காரியமாகாது. அன்று பத்து வயதாயிருந்தவர் இன்னும் வாலிபரே. ஒரு தொழிற்பயிற்சியேனும் அவருக்குக் கிடைக்கும்படி செய்யலாம்.

இவற்றில் எதுவும் புதிதன்று. எதுவும் பெரும் பணம் வேண்டுவதுமன்று. களமும், உலர்ந்த தானியமும், பக்கத்துச் சந்தையும், உண்மையான ஜாபிதாவும் நம் முன்னோர் காலத்திலும் நல்ல கிராமத்துக்கு அடையாளங்களாகவே இருந்தன. சாலையும் லாரியும் கைப்பேசியும் வந்தபின் அவை அநாவசியமென்று எண்ணிவிட்டோம். ஊரடங்கு அந்த எண்ணத்தைச் சில வாரங்களுக்குள் பொய்யாக்கிற்று. இவ்வருஷப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு பட்டாதாரும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாராக: நாளை ஒரு மாதம் சாலை மூடப்பட்டால், என் விளைச்சலில் எவ்வளவு வீட்டில் நிற்கும், எவ்வளவு பக்கத்து ஊரில் விலைபோகும், என்னிடம் வேலை செய்பவர் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியும்? இதற்குத் திருப்தியான விடை கூறக்கூடியவர், 2020-ம் வருஷத்துத் துன்பத்தை வீணாக்காதவர் ஆவார்.